ஆம்பூர் வழியாக வேலூர்: கடற்பஞ்சு மருந்தும் நஸ்ரினின் விரல்களும்

கோயில், மலை, அருவி என்று எழுதிக்கொண்டிருந்த இந்த வலைப்பூவில் முதல் முறையாக ஓர் ஆஸ்பத்திரிப் பயணத்தை எழுதுகிறேன். பயப்படாமல் படியுங்கள், நல்லபடியாக முடிந்த பயணம். முடிந்ததால்தான் எழுதவே கை வருகிறது. ஜனவரி மாதக் கடைசியில் நான் இருந்த இருப்புக்கு, ரயில் நேரம்கூட யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

நஸ்ரின் என் தோழி. சென்னையில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை. நான் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தவள், அவள் ஆம்பூர். நான் விலங்கியல் படித்து, சென்னையிலேயே ஒரு பள்ளியில் அதையே பாடம் நடத்திக் காலம் தள்ளுகிறேன். அவள் இம்தியாஸ் பாயைக் கல்யாணம் செய்துகொண்டு ஆம்பூரிலேயே இருக்கிறாள். கையுறைக்குத் தோல் வெட்டிக் கொடுக்கும் சின்னத் தொழிற்கூடம் அவர்களுடையது. நான்கு வருடத்துக்கு முன்பு நஸ்ரினுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து போனது. போனது என்றுதான் நினைத்தோம். போன வருடம் கல்லீரலில் திரும்ப வந்தது. இரண்டு மருந்துகள் கேட்கவில்லை. மூன்றாவதாக ஒரு புது ஊசி ஆரம்பித்தார்கள்.

அந்த மருந்துப் பெட்டியைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். பெயரைப் படித்ததும் துள்ளிக் குதித்துவிட்டேன். அது கடற்பஞ்சிலிருந்து பிறந்த மருந்து! பாடப்புத்தகத்தில் துளையுடலி என்று இருக்குமே, அதே உயிர்தான். எங்கள் ஊரில் வலையில் மாட்டி வந்தால் பிய்த்துத் தூர எறிவார்கள். உற்சாகத்தில் ஆறு நிமிட நீளத்துக்கு வாய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்பினேன். "உனக்கு ஏத்துற மருந்து எங்க கடல் சொந்தக்காரங்க குடுத்ததுடி" என்று ஆரம்பித்து, ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். தைரியம் கொடுக்கத்தான் செய்தேன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது.

மறுநாள் மாலை இம்தியாஸ் பாய் போன் செய்தார்.

"சிஸ்டர், உங்க தோஸ்த் ஊசி வேணாங்குறா. கடல் ஜந்துலேர்ந்து வந்ததாம், நீங்கதான் சொன்னீங்களாம். எங்க மார்க்க வழியில கடல்ல மீன் மட்டும்தான் சாப்பிட ஆகும். வியாழக்கிழமை அடுத்த ஊசி. இந்த ஒரு சுத்து முடிஞ்சாதான் ஸ்கேன்னு டாக்டர் சொல்லி இருக்காங்க. நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

விடுதியில் அம்மா கொடுத்தனுப்பிய நண்டுக் குழம்பை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் பங்கையும் சேர்த்துத் தின்றவளுக்கு, ஏன் தொடவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் கெடப்போவது அவள். இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, புதன்கிழமை காலை சென்ட்ரலில் நின்றேன்.

சென்ட்ரலிலிருந்து பெங்களூரு பக்கம் போகும் காலை ரயில்களில் ஆம்பூரில் நிற்பதாகப் பார்த்து ஏற வேண்டும், எல்லாம் நிற்காது. நான் ஏறியது ஏழே முக்கால் வண்டி. சுமார் 180 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்பில் முன்பதிவோடு நூறு ரூபாய்க்குள்தான் ஆனது. நேராக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் காட்பாடியில் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து ஊருக்குள் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் நிறைய உண்டு. காட்பாடி வந்ததும் வண்டியில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். வங்காளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் எக்ஸ்ரே உறையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு என்னெதிரே உட்கார்ந்திருந்தது. அவர்களும் அங்கேதான் இறங்கினார்கள்.

ரயிலில் நான் சும்மா இருக்கவில்லை. நஸ்ரினிடம் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். கடற்பஞ்சுக்குக் கால் இல்லை, பல் இல்லை, ஓடு இல்லை. பாறையில் ஒட்டிக்கொண்டு தண்ணீரை வடிகட்டித் தின்று வாழ்கிறது. யார் கடிக்க வந்தாலும் ஓட முடியாது. ஆகவே விஷம்தான் அதற்கு வேலி. சில நேரம் அந்த விஷத்தைச் செய்வது அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். இப்படி நகராமல் கிடக்கும் உயிர்களிடமிருந்தும் மெதுவாக ஊரும் உயிர்களிடமிருந்தும் எத்தனையோ கிடைத்திருக்கிறது: ரத்தப் புற்றுக்கு ஒரு பழைய மருந்து, இன்னொரு புற்றுக்குக் கடற்பீச்சி, கடும் வலிக்குக் கூம்பு நத்தை. நஸ்ரினின் மருந்துக்கு மூலம் ஜப்பான் கடலில் கிடைத்த ஒரு கறுப்புக் கடற்பஞ்சு. ஆனால் டன் கணக்கில் அள்ளினாலும் அதிலிருந்து ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. ஆகவே வேதியியல்காரர்கள் அந்தப் பொருளில் வேலை செய்யும் பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அறுபதுக்கும் மேற்பட்ட படிகளில் ஆலையிலேயே செய்யக் கற்றார்கள். இன்றைக்குக் குப்பியில் இருப்பதில் ஒரு துளிகூடக் கடல் கிடையாது. இதைச் சொன்னால் போதும், அவள் சரி என்பாள் என்று நம்பிக்கொண்டு ஆம்பூரில் இறங்கினேன்.

ஸ்டேஷனிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். இம்தியாஸ் பாய் வாசலிலேயே நின்றார். குரலைத் தாழ்த்தி, "நானும் சொல்லிப் பார்த்தேன் சிஸ்டர். பச்சைத் தோலு அசுத்தம். பதம் பண்ணிட்டா பாக் ஆயிடுது, அதைப் போட்டுக்கிட்டு தொழுவுறோம். அந்த மாதிரிதான இதுவும்? கேக்கவே இல்ல" என்றார். பாக் என்றால் தூய்மை. என்னுடைய அறுபது படிகளைவிட அவர் சொன்னது எனக்கே நன்றாகப் புரிந்தது. அதுவே செல்லவில்லை என்றால் நான் எம்மாத்திரம் என்று கொஞ்சம் பயமும் வந்தது.

நஸ்ரின் இளைத்திருந்தாள். ஆனால் வாய் இளைக்கவில்லை.

"இன்னா ஜெனோ, லீவு போட்டுட்டு எனக்குப் பாடம் எடுக்க வந்தியா?"

"ஆமாடி. கேக்குறியா?"

"சாப்பிடு மொதல்ல."

(சாப்பாடு பற்றிக் கேட்டுப் பின்னூட்டம் போடுவீர்கள், தெரியும். ஆம்பூரில் பிரியாணி தின்னாமல் திரும்பியவள் இல்லை நான். ஆனால் அன்றைக்குத் தட்டில் இருந்தது பிரியாணியா பழைய சோறா என்றே தெரியாமல்தான் தின்றேன். தெருவுக்கு ஒரு கடை இருக்கிறது, கூட்டம் இருக்கும் கடையில் மதியம் ஒரு மணிக்குள் போய்விடுங்கள்.)

சாப்பிட்டு முடித்ததும் என் பாடத்தை ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். "வேணாம் ஜெனோ. விடு. வா, கம்பெனிக்குப் போலாம். தோலு லாட் வந்திருக்கு." நான் மெய்யாகவே பயந்தது அப்போதுதான். மார்க்க விஷயத்தில் சந்தேகம் உள்ளவள் எதிர்க்கேள்வி கேட்பாள். இவள் கேட்கவே இல்லை.

தொழிற்கூடம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். தோல் பதனிடும் ஆலைகள் இருக்கும் பக்கம் காற்றே வேறு. முதல் முறை வருகிறவர்களுக்குக் குமட்டலாம், பத்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். ஆனால் நஸ்ரின் வீட்டுத் தொழிற்கூடத்தில் அந்த நெடி இல்லை. அங்கே வருவது முடித்த தோல்: பதமாகி, சாயம் ஏறி, மெத்தென்று இருக்கும் ஆட்டுத்தோல். ஜன்னலோரம் ஒரு நீள மேஜை. அதுதான் நஸ்ரினின் இடம். ஒவ்வொரு தோலாக எடுத்து, கண்ணால் ஒரு பார்வை, விரலால் ஒரு தடவல். மேல்பக்கம் இறுக்கமாக இருந்தால் முதல் அடுக்கு. எங்கேயாவது தளர்ந்து, மடித்தால் சுருக்கம் விழுந்தால் இரண்டாம் அடுக்கு, அதை செகண்ட்ஸ் என்கிறார்கள். பழைய முள்கீறல், உண்ணி கடித்த புள்ளி என்றால் மூன்றாவது. ஒரு தோலுக்கு அவளுக்கு மூச்சு விடும் நேரம்தான் ஆகும். வாங்கும் கம்பெனிகள் இவள் தொட்டுப் பிரித்ததா என்று கேட்டு வாங்குவதாக இம்தியாஸ் பாய் பெருமையாக முன்பு சொன்னதுண்டு.

ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். நஸ்ரின் ஒரு தோலைத் தடவி முதல் அடுக்கில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். மூலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இம்தியாஸ் பாய் எழுந்து வந்தார். அந்தத் தோலை எடுத்துச் சத்தமில்லாமல் இரண்டாம் அடுக்கில் வைத்தார். அதற்கு முந்தைய இரண்டையும் அப்படியே செய்தார். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

எழுந்து போய் அந்தத் தோலை நானும் தொட்டுப் பார்த்தேன். தோலைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எனக்கே ஓரத்தில் கட்டைவிரலுக்கடியில் தொளதொளவென்று நகர்ந்தது.

பத்து எண்ணுவதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவள் நான். ஒரு செல் இரண்டாகப் பிரிய உள்ளே நூல் மாதிரி இழைகள் வேண்டும். கடற்பஞ்சின் விஷம் அந்த இழைகளை வளர விடாது. வேகமாகப் பெருகும் புற்றுச்செல் அதில் மாட்டிக்கொண்டு சாகும். ஆனால் நரம்புச் செல்லுக்குள்ளும் அதே இழைகள்தான் இருக்கின்றன. நீளமான நரம்புகளின் முனைதான் முதலில் அடிவாங்கும். கால்விரலும் கைவிரலும் மரத்துப்போகும். ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜில் இந்தப் பாதியை நான் சொல்லவே இல்லை.

மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது, "நஸ்ரின், கண்ணை மூடு" என்றேன். அவள் வலது கையைப் பிடித்து, ஒரு விரல் நுனியைத் தொட்டேன். "எந்த விரல்?"

கண்ணைத் திறக்காமல், நான் தொடுவதற்காகக் காத்திருந்தாள்.

"தொட்டியா?" என்றாள்.

அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஹஜரத்துக்கு அன்னைக்கே போன் பண்ணிக் கேட்டுட்டேன் ஜெனோ. நோய்க்குத்தானம்மா, டாக்டர் சொன்னா தாராளமா போட்டுக்கோன்னுட்டாரு."

ஹஜரத் என்பது பள்ளிவாசல் இமாமை அவர்கள் மரியாதையாகக் கூப்பிடும் பெயர்.

"அப்புறம் ஏன்டி மார்க்கம் கீர்க்கம்னு எல்லாரையும் சுத்தல்ல விட்ட?"

"விரல் போச்சுன்னு சொன்னா, நீ ரெஸ்ட் எடுன்னு எங்க வீட்டுக்காரரு டேபிள்லேர்ந்து எழுப்பிடுவாரு. மார்க்கம்னு சொன்னா யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க. நீ வேற நல்ல நேரத்துல மெசேஜ் அனுப்பிட்ட. ஊசிய கொஞ்ச நாள் நிறுத்தினா விரல் திரும்பிடும், அப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்தேன்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"ஒவ்வொரு தபாவும் நர்ஸ் கேப்பாங்க, மரமரப்பு இருக்கான்னு. இல்லன்னுடுவேன். சொன்னா இந்த மருந்தையும் நிறுத்திட்டாங்கன்னா? இதுக்கு மேல அவங்ககிட்ட ஜாஸ்தி மருந்து கெடையாது ஜெனோ."

"டாக்டர் நிறுத்திடுவாங்கன்னு பயந்து, நீயே நிறுத்திட்டியா?"

என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. கையில் துணியோடு, கன்னத்தில் கண்ணீரோடு இரண்டு நாற்பத்தாறு வயதுப் பெண்கள் மொட்டைமாடியில் சிரித்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ. "பேஜாரு புடிச்சவ நானு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, வர்றேன். நாளைக்கு நீயும் உள்ள வா."

வியாழன் காலை ஆறு மணிக்கு வாடகைக் கார். ஆம்பூர் – வேலூர் சுமார் 50 கிலோமீட்டர், போகவர இரண்டாயிரம் ரூபாய், காத்திருப்பும் சேர்த்து. உடம்பு தாங்கும் என்றால் பேருந்தே போதும், ஒன்றேகால் மணி நேரம், ஐம்பது ரூபாய்கூட ஆகாது. டிரைவர் பாஸ்கர் வாரத்தில் நான்கு நாள் இதே சவாரி ஓட்டுகிறவர்.

"எட்டு மணிக்குள்ள ரத்தம் குடுத்துடுங்க மேடம். லேட்டா போனா ரிசல்ட்டு லேட்டு, ஊசியும் லேட்டு. எனக்கின்னா, வெயிட்டிங்ல தூங்குவேன். உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். இந்த ஒரு வரிக்காகவே அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

வழியில் ரயில் பாதையும் பாலாற்று மணலும் வருவதும் மறைவதுமாக இருந்தன. பள்ளிகொண்டாவில் டீக்கு நிறுத்தினோம். ரங்கநாதர் கோயில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு பாஸ்கர் டீ வாங்கப் போன இடைவெளியில், நஸ்ரின் கணவரிடம் சொல்லிவிட்டாள். பின்சீட்டில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனாலும் காது இருக்கிறதே.

"எனக்கு விரல்ல உணர்ச்சி கம்மியா இருக்குங்க."

"தெரியும். ரெண்டு வாரமா நான்தான் திருப்பி அடுக்குறேன்."

"தெரிஞ்சும் சொல்லலியா?"

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். நான் சொன்னா நீ டேபிளுக்கு வர்றத நிறுத்திடுவியோன்னு பயம்."

இருவரும் ஒரே பயத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறார்கள். டீ வந்தது. நஸ்ரின் கண்ணாடித் தம்ளரை வாங்கும் முன் துப்பட்டாவின் முனையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டாள். சூடு தெரியாமல் சுட்டுக்கொள்வாளாம். இதையும் அப்போதுதான் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வேலூரில் எங்கே போனாலும் காத்திருத்தல் ஒன்றுதான். ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காக உட்கார்ந்திருந்த அந்த மூன்று மணி நேரம்தான் இந்தப் பயணத்திலேயே நீளமானது. வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் ஊசி கிடையாது. மரமரப்பு முற்றியிருந்தாலும் கிடையாது. அவள் வாயைத் திறக்க வைத்ததே நான்தான், திறந்ததால் ஊசி நின்றுபோனால் என்ன செய்வது? மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வைத்தேன். பக்கத்தில் இம்தியாஸ் பாயின் உதடும் அசைந்துகொண்டே இருந்தது.

டாக்டர் இளம் பெண். நஸ்ரின் எல்லாவற்றையும் சொன்னாள், தோல் மேஜை உட்பட. டாக்டர் திட்டவில்லை. கண்ணை மூடச் சொல்லிக் குச்சியால் குத்திப் பார்த்தார், இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார், சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார், எழுந்து நடக்கச் சொன்னார். பிறகு உட்கார்ந்து, "இதை முன்னாடியே சொல்லியிருந்தா முன்னாடியே அளவைக் குறைச்சிருப்பேன்மா" என்றார்.

"நிறுத்த மாட்டீங்களா?"

"இந்த நிலைமைக்கு நிறுத்த வேண்டியதில்ல. அளவைக் குறைச்சு இன்னைக்கே போட்டுக்கலாம். கவுண்ட்டும் நல்லா இருக்கு. இதுக்கு மேல ஜாஸ்தியானா உடனே சொல்லணும், அப்ப தள்ளிப்போடலாம். விரல் திரும்புமான்னா, பலருக்கு மெதுவா திரும்பும். முழுசா வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. அறைக்கு வெளியே வந்ததும் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நோயாளியே என்னைக் கைபிடித்துத் தூக்க வேண்டியதாயிற்று.

மதியம் ஊசி. இத்தனை கலவரத்துக்கும் அது ஐந்து நிமிட வேலை. நிறமே இல்லாத, கொஞ்சமே கொஞ்சம் திரவம். அது ரத்தக்குழாயில் இறங்குவதை விலங்கியல் டீச்சராகப் பார்க்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் கடலும் பஞ்சும் எதுவும் மனதில் ஓடவில்லை. இறங்கட்டும், இறங்கட்டும் என்று மட்டும்தான் ஓடியது. கடைசித் துளியும் போனதும், அவ்வளவு நிம்மதியாக நான் மூச்சு விட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

அவர்களைக் காரில் ஏற்றிவிட்டு நான் வேலூரிலிருந்தே சென்னைப் பேருந்து பிடித்தேன். சுமார் 140 கிலோமீட்டர், நெரிசலைப் பொறுத்து மூன்று முதல் நான்கு மணி நேரம். காவேரிப்பாக்கம் ஏரி நிறைந்து கிடந்ததைப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். அந்த இடம் வரும்போது வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். பூந்தமல்லியில் கண்டக்டர்தான் எழுப்பினார்.

இதே மாதிரி கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நான் டாக்டர் இல்லை, அதனால்தான் மருந்தின் பெயரை எழுதவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் டாக்டர். ஊசி நாளுக்கு முந்தின இரவே வேலூர் வந்துவிட்டால் நல்லது. ஆஸ்பத்திரிகளைச் சுற்றி அறுநூறிலிருந்து ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள் சுமாரான அறைகள் கிடைக்கும், சில இடங்களில் சமைத்துக்கொள்ளவும் விடுகிறார்கள். ஒரு போர்வை, வீட்டுத் தண்ணீர், போன் சார்ஜர் மூன்றையும் மறக்காதீர்கள். மரமரப்பு இருக்கிறதா என்று யாராவது கேட்டால், இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று நீங்களாகவே கணக்குப் போடாதீர்கள். துணைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: நோயாளி ஒரு காரணம் சொன்னால், அதற்குப் பதில் தயாரிப்பதை விட்டுவிட்டு அவர் கையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். எனக்கு இது ரயிலில் தோன்றவில்லை.

கடற்பஞ்சு மீது எனக்குக் கோபம் இல்லை. பாறையில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள அது விஷம் செய்துகொண்டது. எங்கோ ஆம்பூரில் ஒருத்தியின் கல்லீரலையோ விரலையோ அது நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டையும் எடைபோட்டு அளவு சொல்ல வேண்டியது நம் வேலை.

ஸ்கேன் முடிவு மார்ச்சில் வந்தது. கல்லீரலில் இருந்த மூன்று கட்டிகளில் இரண்டு சுருங்கியிருக்கின்றன, ஒன்று வளரவில்லை. இம்தியாஸ் பாய் போனில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை அல்ஹம்துலில்லாஹ் சொன்னார், நான் நான்கு முறை மாதாவே என்றேன்.

போன வாரம் மறுபடியும் ஆம்பூர் போனேன், இந்த முறை வெறுமனே பார்த்துவிட்டு வர. நஸ்ரின் ஜன்னலோர மேஜையில்தான் இருந்தாள். ஒரு தோலை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலால் தடவவில்லை. அப்படியே தூக்கித் தன் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி, மெதுவாக இழுத்தாள். தோலின் கழுத்துப் பக்கம் வந்ததும் நிறுத்தினாள். திரும்ப ஒரு முறை இழுத்தாள்.

"செகண்ட்ஸ்" என்று இரண்டாம் அடுக்கில் போட்டாள்.

நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்துவிட்டு அடுத்த தோலைக் கையிலெடுத்தாள்.

"விரலு பாதிதான் வந்திருக்கு ஜெனோ. கன்னத்துக்கு இன்னா குறைச்சல்?"